ராடிமின் காது

காப்பியை ஆறவிட்டுவிடாதீர்கள். எதையும் இரண்டாவது முறை சுடவைக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

ஹெட்விகாதான் உங்களை என்னிடம் அனுப்பினாள் என்றீர்கள். எங்கள் இசைக்குழுவின் வரலாற்றை எழுதுகிறவர் அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் சொன்னது உண்மை. ஆனால் நடுவிலிருந்து சொல்லியிருப்பாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் மூன்று நடைமேடைகள்தான். குழுவுக்கு ‘ஏழாம் நடைமேடை’ என்று ராடிம் பெயர் வைத்தான். அரசு அனுமதிக்காகத் தேர்வுக் குழுவின் முன் வாசித்துக் காட்ட பிர்னோ நகரத்துக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி, “ஏழாவது எங்கேய்யா இருக்கு?” என்று கேட்டார்.

“அதுல வர வேண்டிய வண்டி இன்னும் கிளம்பலைங்க,” என்றான் ராடிம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். ரயில்வே தொழிலாளர் மன்றத்தின் குழுதானே, பெயரிலும் ரயில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ராடிம் இசைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். பகலில் நெசவாலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டான். மாலையில் மன்றத்தின் நிலவறையில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தான். எல்லாம் அவன் எழுதியதுதான். பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் முழுக்க ஒரே தாளம் இரண்டு முறை வராது. ஹெட்விகா செல்லோ வாசித்தாள், விலேம் டிரம்ஸ். நான் ரயில்வே பணிமனை மின்பணியாளன். ஒலிபெருக்கி, மைக், டேப் எல்லாம் என் பொறுப்பு. நிழற்படங்களில் என்னைத் தேடாதீர்கள், இருக்கமாட்டேன்.

அவன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடி உணவகத்தில் குளிர்பெட்டி ஓடினால், அது எந்தச் சுரத்தில் முனகுகிறது என்று சொல்லுவான். அது நிற்கும்வரை வாசிக்கவும் விடமாட்டான். அந்தக் காதோடு வேலை செய்ததில் இரண்டு கிதார்க்காரர்கள் ஓடிப்போனார்கள். விலேமுக்குக் குழந்தை பிறந்து அவன் தூக்கமில்லாமல் வந்த நாட்களில், “வலது கையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியா? நாளைக்கு அதையும் கூட்டிட்டு வா,” என்பான். விலேம் குனிந்துகொண்டு குச்சியைத் தேடுவதுபோல் நடிப்பான். ஒரே இடத்தை மாலை முழுக்க வாசித்து, எழுந்து போகும்போது யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். எனக்கு அதைப் பார்ப்பதே அலுப்பாக இருந்தது. கோபம் இல்லை. வெறும் அலுப்பு.

ஒருநாள் ஹெட்விகாவை நிறுத்தினான். “தப்பு.”

“எங்கே தப்பு?”

“உனக்கே கேக்கலைன்னா நான் எப்படிச் சொல்றது?”

“இங்க யாருக்குமே கேக்கலை, ராடிம். உனக்கு மட்டுந்தான் கேக்குது.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நீ வேற எங்கயாவது போய் வாசி. கல்யாண வீட்டுல வாசி.”

அவள் செல்லோவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மழை பெய்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தம்வரை நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். “அவன் காதுல கொஞ்சம் பஞ்சு வச்சு அடைச்சா நாம எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்,” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. குழுவில் கெட்டவர்கள் யாரும் இல்லை. ஒரு காது தேவைக்கு மேல் கூர்மையாக இருந்தது, அவ்வளவுதான். எது அளவுக்கு மிஞ்சினாலும் குறைத்து வைப்பதுதானே என் தொழில்.

ஒத்திகையை டேப்பில் பதிந்து, வீட்டில் ஹெட்போன் மாட்டி மணிக்கணக்காகக் கேட்பது ராடிமின் வழக்கம். அந்த ஹெட்போனுக்கு ஒலியைக் கூட்டும் பெட்டி செய்துகொடுத்தது நான். அதைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி வாங்கிவந்து, உள்ளே சில பாகங்களை மாற்றினேன். வெளியே ஒலியளவுக் குமிழ் மூன்றில்தான் நிற்கும். உள்ளே ஐந்தின் வேலை நடக்கும். சில வாரங்கள் கழித்து ஆறின் வேலை. பிறகு எட்டு. குழம்பில் தினமும் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டினால் நாக்கு கண்டுபிடிக்காது. காதும் அப்படித்தான். உச்ச சுரங்களை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டேன், அவனுக்கு அவைதான் பிடிக்கும் என்பதால்.

“தெளிவா இருக்குடா, போஹூஷ்,” என்றான். “என்ன பண்ணினே?”

“பாகம் மாத்தினேன்,” என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள், காதுக்குள் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறது, போகமாட்டேன் என்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். நான்தான் டாக்டரிடம் அழைத்துப்போனேன். எங்கே வேலை என்று கேட்டார். கொதிகலன் அறை என்றதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “சத்தம் அதிகமா?” என்று என்னைப் பார்த்தார். அதிகம்தான் என்றேன். நெசவாலையில் அவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். எனக்கு அதில் சந்தோஷம். கரி வேலை அவன் முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்ததுதான் எங்கள் நல்ல காலம். முதல்முறையாக ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் வாசித்தோம். முடிந்ததும் ராடிம், “நல்லாருக்கு,” என்றான். விலேம் என்னைத் திரும்பிப் பார்த்தான், யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்கிற மாதிரி. நான் போய் ஹெட்விகாவைக் கூப்பிட்டேன்.

“மறுபடியும் கடிப்பானா?”

“சாந்தமாயிட்டான். வந்து பாரு.”

வந்தாள். அந்த வருடம் பதிவுசெய்த இசைத்தட்டைத்தான் நீங்கள் மறுபடி வெளியிடப் போகிறீர்கள். அதில் இசை மூச்சு விடுகிறது என்று எழுதினார்கள். ஆமாம், மூச்சு விட்டது. எல்லோரும் விட்டோம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தத்தான் செய்தேன், பெட்டியையும் பழையபடி குறைத்து வைத்தேன். கோடை முழுவதும் அவன் காட்டில் ஒரு குடிசையில் காளான் பறித்துக்கொண்டு இருந்தான். ஹெட்போன் இல்லை. திரும்பிவந்த முதல் ஒத்திகையிலேயே கையைத் தூக்கினான். “விலேம், வலது கை.” நான் ஹெட்விகாவின் முகத்தைப் பார்த்தேன். வில்லைப் பிடித்திருந்த கை கீழே இறங்கிவிட்டது. மறுநாள் பெட்டிக்குள் ஒலியை மறுபடி எட்டுக்கே ஏற்றினேன். அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே.

அதற்குப் பிறகு நானாக ஏற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் ஏத்துடா,” என்று அவனே கேட்டான். கேட்டதைச் செய்துகொடுத்தேன்.

கடைசி ஒத்திகையில் ஹெட்விகா தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மிக மெல்லிய இடம். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். ராடிம் நிலவறைச் சுவரின் உச்சியிலிருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தான். சற்று நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பாமலே, “ஆரம்பிக்கலாம், ஹெட்விகா. என்ன யோசனை?” என்றான்.

அவள் வில்லைக் கம்பியிலிருந்து எடுக்காமல் கடைசிச் சுரம்வரை வாசித்து முடித்தாள். கன்னமெல்லாம் ஈரம். விலேம் அவனைத் தேநீர் குடிக்க மேலே அழைத்துப்போனான். இன்னும் ஏற்றித் தரச் சொல்லி ராடிம் அன்று பெட்டியோடு கொண்டுவந்திருந்த ஹெட்போனை அவள் மேசையிலிருந்து எடுத்து மாட்டி, டேப்பை ஓட்டினாள். உடனே பிடுங்கி எறிந்தாள். குமிழைப் பார்த்தாள். அது மூன்றில் இருந்தது.

“இதுல என்ன பண்ணி வச்சிருக்கே, போஹூஷ்?”

“நீ கேட்டதைத்தான்.”

“நான் என்ன கேட்டேன்?”

“பேருந்து நிறுத்தத்துல.”

நினைவு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அது பேச்சுடா,” என்றாள். பிறகு மெதுவாக, “அவன்கிட்ட நான் சொல்லிடுவேன்.”

“சொன்னா காது திரும்பவா போகுது? எதை நம்பி வாழுவான்? கொதிகலன்னு நினைச்சிட்டு இருக்கான். அப்படியே இருக்கட்டும்.”

அவள் அன்றே ஓலோமௌட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே நாடக அரங்கில் வாசித்ததாகக் கேள்வி. இவ்வளவு காலம் அவளும் சொல்லவில்லை என்பதை உங்கள் புத்தகத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

ராடிம் பக்கத்து அறையில் இருக்கிறான். நீங்கள் வந்த சத்தம்கூடத் தெரியாது. இன்னமும் எழுதுகிறான். நான் ஆர்கனில் வாசித்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று பலகையில் எழுதிக் காட்டுவேன். எனக்குப் பிடிக்காத இடங்களை மாற்றிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதுவேன். அவன் தலையாட்டுவான். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

இதையெல்லாம் செய்தது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் அவனிடம் எழுதிக் காட்டாதீர்கள். உலகத்தில் அவனுக்கு இருப்பது நான் ஒருவன்தான். அதையும் அவனிடமிருந்து பறித்துவிட்டால், அந்தக் கொடுமைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.