வெள்ளிக்கிழமைக் கறி

— ரெண்டு பாக்கெட்டும் ஐஸ்பெட்டியில அப்படியே கெடக்கு. வாய் கூட கிழிக்கல. அப்ப வெள்ளிக்கிழமை நம்ம சட்டியில வெந்தது என்னங்க?

— எந்த பாக்கெட்டு சீதா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. சைவ மட்டன் பாக்கெட்டு. கிள்ளான் டவுன்ல அந்த சைனீஸ் ஆன்டி கடையில வாங்கினது. நான் காலை ஷிப்டுக்குப் போறப்ப, உங்களுக்குத்தான் இன்னிக்கு லீவாச்சே, இதைப் பெரட்டி வைங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?

— பெரட்டினேனே. நல்லாத்தான் வந்துச்சு.

— எதைப் பெரட்டினீங்கன்னு கேக்குறேன். நான் பேக்டரியில இருந்து வந்து பார்த்தா சட்டி கழுவிக் கவுத்து வச்சிருக்கு, எல்லாம் தீந்துபோச்சுன்னீங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னைக்கு நீங்க சட்டி கழுவினீங்க?

— கதை என்னன்னா சீதா...

— உங்க கதை வேணாம். ஒரே வார்த்தையில சொல்லுங்க.

— மட்டன்.

— சைவ மட்டனா?

— இல்ல. ஆடு.

— வெள்ளிக்கிழமையும் அதுவுமா? நம்ம வீட்டு அடுப்புல?

— மெதுவா பேசு லா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நல்லா கேக்கட்டும். டாக்டர் என்ன சொன்னாரு? ரத்தத்துல கொழுப்பு ஏறிக் கெடக்கு, ஆட்டுக்கறி பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்கன்னாரு. உங்க ஒருத்தருக்காக வீடே வாயைக் கட்டிக்கிட்டு கெடக்குதுங்க. பொண்ணு கோழிக்காலக் கண்ணுல பார்த்து எத்தனை மாசமாச்சு! ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? நானும் தவுக்குவா சோயாக்கட்டிய உதிர்த்து வதக்கி, முட்டைப் பொரியல்னு மனசத் தேத்திக்கிட்டு சாப்பிடுறேன். நீங்க என்னடான்னா...

— மனச தேத்திக்கலாம் சீதா, இந்த நாக்கு கேக்க மாட்டேங்குதே. நீயும் பட்டை கிராம்பெல்லாம் போட்டுத்தான் பண்ற, இல்லைங்கல. மசாலா ஒரு பக்கம் நிக்குது, அந்த சோயா ஒரு பக்கம் நிக்குது. போன வாரம் மீன்னு சொல்லி ஒண்ணு போட்டியே, கறுப்பா கடல்பாசியத் தோலு மாதிரி ஒட்டி. அதப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— ஏன், அச்சு அசல் மீனாட்டந்தானே இருந்துச்சு?

— அதான் அழுகை. எல்லாம் செஞ்சு வச்சிருக்காங்க. முள்ளும் எலும்பும்தான் இல்ல.

— சிரிப்பு வருதா உங்களுக்கு?

— இல்ல சீதா. பாசார்ல அன்னிக்கு நல்ல இளங்கறி. கை தானா நீண்டுடுச்சு. நீ வர்றதுக்குள்ள சமைச்சு, சாப்பிட்டு, சட்டியக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி...

— அந்த ஊதுபத்தி இதுக்குத்தானா? அட பாவி மனுசா! நான் சொல்லாமலே வெள்ளிக்கிழமைக்கு சாமி படத்துக்கு ஊதுபத்தி வச்சிருக்காரே, மனுசன் திருந்திட்டாரேன்னு பேக்டரியில போய் வீரம்மாகிட்ட எல்லாம் பெருமை அடிச்சேனே. என் புத்திய எதால அடிக்கிறது?

— தப்புதான். மன்னிச்சிடு.

— சரி. உங்க கொழுப்பு உங்களோட. தின்னது நீங்க, நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்கப்போறதும் நீங்க. இப்ப இன்னொண்ணு கேக்குறேன், என் மூஞ்சியப் பார்த்து பதில் சொல்லுங்க. அன்னிக்கு மத்தியானம் நம்ம ரோட்டு யாழ்ப்பாணத்துக் கந்தையா அங்கிள் முருங்கைக்கீரை கொண்டாந்தாருன்னு சொன்னீங்கள்ல?

— அந்தக் கீரை வாடிப்போச்சா, இன்னும் இருக்கா?

— ஏங்க.

— வந்தாரு.

— வந்து?

— வாசல் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு, "என்ன தம்பி, வாசம் ரோட்டு வரைக்கும் வருது"ன்னாரு. அவரு யாரு, எப்பேர்ப்பட்ட சைவம், அவருகிட்ட போய் வெள்ளிக்கிழமை ஆடு வேகுதுங்கன்னு எப்படிச் சொல்றது? சொன்னா சாயங்காலமே உன் காதுக்கும் வந்துடும். அலாமா, வாயில வந்தத உளறிட்டேன்.

— என்னன்னு?

— "சோயா அங்கிள், சைவ மட்டன், சீதா வாங்கி வச்சது"ன்னு.

— என் பேரையும் இழுத்து விட்டீங்களா?

— அத்தோட போயிடுவாருன்னு பார்த்தேன் சீதா. செருப்பக் கழட்டிட்டாரு. "நானும் கேள்விப்பட்டனான் தம்பி, ஒருக்கா ருசி பார்ப்பம்"னு உள்ள வந்து உக்காந்துட்டாரு.

— நீங்க பேசாம இருந்தீங்களா?

— என்ன செய்யச் சொல்ற? சாப்பிடுறேன்னு உக்காந்த மனுசன எந்திரிச்சுப் போங்கன்னா சொல்றது? தீந்துபோச்சுன்னு சொல்லலாம்னா, சட்டி அவரு கண்ணு முன்னாடி கொதிக்குது. எலும்பில்லாத துண்டா பார்த்துப் பார்த்துப் போட்டேன். வேற ஒண்ணும் தோணல.

— சாப்பிட்டாரா?

— சாப்பிட்டாரு. நடுவுல ஒரு தடவ கை அப்படியே நின்னுச்சு. கைக்குட்டைய எடுத்து வாயத் தொடச்சாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. காரம் கூடிப்போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் அவரே தட்ட நீட்டி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

— ரெண்டாந்தரம் வேறயா. முருகா.

— பசியா இருந்திருப்பாரு. தனியா பொங்கித் தின்ற மனுசன்.

— அவரு ஏன் கறிய விட்டாருன்னு மறந்துட்டீங்களா?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— இப்ப சொல்லாம எப்ப சொல்றது? ஆஸ்பத்திரியில அவரு சம்சாரம் குணேஸ்வரி ஆன்டிக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தப்ப இவரு பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு நாளா கட்டில் பக்கத்துலயே கெடந்தவரு, பசி தாங்காம, ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன் பிள்ளைன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. திரும்பி வந்தா ஆன்டி மூஞ்சிய மூடியாச்சு. மசாலா வாசம் போகாத கையால ஆன்டி கால புடிச்சுக்கிட்டு, "குணம், இனி இந்தக் கையாலை மச்சம் தொட மாட்டன்"னு அழுதாரு. கறி மீன் எல்லாத்தையும் அன்னிக்கு விட்டவருங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.

— அந்தக் கைக்குத்தான் நான்...

— ஆமா. அந்தக் கைக்குத்தான் நீங்க பரிமாறியிருக்கீங்க.

— நான் மட்டும் நிம்மதியா இருக்கேன்னு நெனைக்கிறியா? அன்னையில இருந்து அவரு வீட்டைக் கண்டாலே மோட்டார்சைக்கிளத் திருப்பிக்கிட்டு பின்பக்க ரோட்டுல போறேன். போர்ட்ல கூட வேலை பார்க்குற நாகையா ஒரு கரண்டி கறி நீட்டினான், வாயில வைக்க முடியல.

— அப்ப சொல்லிடுங்க.

— யாருகிட்ட?

— அவருகிட்டதான். ஞாயித்துக்கிழமை ஆன்டி திவசம். போன வருசமும் அவரு கையாலதான் பிண்டம் வச்சாரு. இந்த வருசமும் அவருதான் வைப்பாரு. அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

— பைத்தியமா உனக்கு? தெரியாம சாப்பிட்டவருக்கு ஏது பாவம்? செஞ்சவன் நான். என் தலையிலயே கெடக்கட்டும். சொல்லி அவரு தலையிலயும் ஏத்தணுமா?

— நல்லா இருக்கு உங்க ஞாயம். தெரிஞ்சா கோயிலுக்குப் போவாரு, தலை முழுகுவாரு, ஏதோ ஒரு பரிகாரம் செஞ்சுக்குவாரு. நீங்க அந்த வழியையும் அடைக்கிறீங்க.

— மனுசன் ஒடிஞ்சு போயிடுவாரு சீதா. இந்த வாக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் அவரு நடமாடுறாரு.

— நான் எப்படி அவரு மூஞ்சியில முழிப்பேன்? நாளைக்கு வந்து, "பிள்ளை, அந்த சோயா எந்தக் கடை, திவசத்துக்கும் வாங்குவம்"னு கேட்டா? என்ன சொல்லட்டும்?

— வாயக் கழுவு லா.

— நீங்க கழுவின சட்டி போதும். யாரோ கேட்டத் தொறக்குறாங்க, பாருங்க.

— யாரு?

— வெள்ளை வேட்டி. அவருதான்.

— அலாமா. நான் பின்பக்கமா போயிடுறேன். கேட்டா வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லு.

— ஒரு அடி எடுத்து வச்சீங்க, நானே சொல்லிடுவேன். நில்லுங்க இப்படி. வாங்க அங்கிள், வாங்க. உள்ள வந்து உக்காருங்க.

— என்ன பிள்ளை, பக்கிரிசாமித் தம்பியும் வீட்டிலையோ? நல்லதாப் போச்சு. இந்தாரும், பப்பாசிப்பழம். மரத்திலை பழுத்தது, அணில் கடிக்க முன்னம் பிடுங்கினனான்.

— எதுக்கு அங்கிள், ஒவ்வொரு தடவையும் கையில ஏதாவது தூக்கிக்கிட்டு...

— சும்மா இரும் பிள்ளை. வெள்ளிக்கிழமை தம்பி என்னை எவ்வளவு வடிவாக் கவனிச்சவர் தெரியுமோ? அதுக்கு இது காணாது.

— அங்கிள்... வயித்துக்கு ஒண்ணும்... அன்னிக்கு அப்புறம் வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?

— வயிறு ஒண்டும் சொல்லேல்லை தம்பி. வயிறு பாவம், அது என்னத்தைக் கண்டுது.

— உக்காருங்க அங்கிள், தேத்தண்ணி கலக்குறேன்.

— வேண்டாம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை குணத்தின்ரை திவசம், உங்களைக் கேட்டுப் போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். ரெண்டு பேரும் வரோணும். மகளையும் கூட்டிக்கொண்டு வாரும்.

— வராம இருப்போமா அங்கிள்? நான் விடியக்காலையிலயே வந்து காய் நறுக்கித் தர்றேன். எல்லாம் எடுத்து வைக்கிறேன். நீங்க பிண்டம் வைக்கிறது மட்டும் பாருங்க.

— இந்த முறை நான் வைக்கேல்லை பிள்ளை.

— ஏன் அங்கிள்?

— சுங்கை பூலோவிலை என்ரை தம்பியின்ரை மகன் இருக்கிறான் எல்லோ, விநாயகமூர்த்தி. அவனை வந்து செய்யச் சொல்லிப் போட்டன். பெரியம்மாவுக்குச் செய்ய அவனுக்கும் உரிமை இருக்குத்தானே.

— உடம்பு கிடம்பு சரியில்லையா?

— உடம்புக்கென்ன. அதை விடும். என்ன தம்பி, இண்டைக்கு வாயே திறக்கிறீர் இல்லை? மற்ற நாளெண்டால் பகிடி விட்டுக் கொண்டெல்லோ இருப்பீர்?

— ஒண்ணுமில்ல அங்கிள். இல்ல, டீ போடச் சொல்லவா?

— ஏங்க!

— இவ ஒருத்தி.

— ஏங்க, சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்லப் போறார்? விடும் பிள்ளை, மனுசனை ஏன் அதட்டுறீர்?

— அங்கிள்... கதை என்னன்னா... வெள்ளிக்கிழமை நீங்க சாப்பிட்டீங்கள்ல.

— சாப்பிட்டனான்.

— அது சோயா இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். ஆட்டுக்கறி. பாசார்ல நானே வாங்கினது. இவளுக்கும் தெரியாம திருட்டுத்தனமா வாங்கினேன். இவளுக்கு இன்னிக்குத்தான் தெரியும். நீங்க கேட்டுக்கிட்ட நின்னப்ப பயத்துல அப்படி வந்துடுச்சு. அப்புறம் நீங்க உக்காந்தீங்க, எனக்கு எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. ஆன்டி கால புடிச்சு நீங்க குடுத்த வாக்க நானே என் கையாலயே கெடுத்துட்டேன். என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க அங்கிள்.

— எழும்பும் தம்பி. காலிலை விழாதேயும். எழும்பும் எண்டால் எழும்பும்.

— மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிக்கிறேன்.

— உம்மை மன்னிக்க நான் ஆர் தம்பி?

— அங்கிள், நானும் உங்க கால்ல விழணும். என் வீட்டு அடுப்புல வெந்தது. ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க தெரியாமத்தானே சாப்பிட்டீங்க? சோயான்னு நம்பித்தானே கை வச்சீங்க? அது உங்க வாக்க ஒண்ணும் பண்ணாது. ஆன்டிக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்களே பிண்டம் வைங்க அங்கிள். வேற யாரும் வேணாம்.

— பிள்ளை, இந்த லேஞ்சியை ஒருக்கா விரிச்சுப் பாரும்.

— கைக்குட்டையா? இதுல என்ன அங்கிள்?

— விரிச்சுப் பாருமன்.

— ஏங்க... இங்க பாருங்க. எலும்பு. சின்ன எலும்புத் துண்டு.

— ஐயோ அங்கிள். நான் பார்த்துப் பார்த்துத்தானே போட்டேன்!

— முதல்தரம் போட்ட கறியிலை பல்லிலை கடிபட்டது தம்பி. ஒருத்தரும் காணாமல் எடுத்து லேஞ்சிக்குள்ளை மடிச்சு வைச்சனான். சோயாவிலை எலும்பு ஏதெண்டு எனக்குத் தெரியாதோ? அப்பவே எழும்பிக் கையைக் கழுவியிருக்கோணும். ஆனால் நீர்தானே சோயா எண்டு சொன்னனீர், நாளைக்குக் குணம் கேட்டாலும் அதையே சொல்லலாம் எண்டு நினைச்சன். நினைச்சுப் போட்டுத்தான் பிள்ளை, ரெண்டாந்தரம் தட்டை நீட்டினனான்.