கண்ணாடிக்குள் மூன்று ஆந்தைகள்

தங்கச்சி: எடு. முதல்ல அதைக் கண்ணாடிக்குள்ள இருந்து எடு.

அக்கா: செருப்பைக் கழட்டிட்டு வாடி. தரையெல்லாம் வெள்ளைத் துணி விரிச்சிருக்கேன்.

தங்கச்சி: பேச்சை மாத்தாத.

அக்கா: மாத்தல. அது ஒரு டாக்டரோட கோட்டு. மிதிச்சிடாத.

தங்கச்சி: லேப்ல இருந்து வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். சிக்னல்ல பஸ் நிக்குது. சும்மா திரும்பிப் பாக்குறேன்... உன் தையல் கடைக் கண்ணாடி ஜன்னல்ல மூணு ஆந்தை உக்காந்து என்னையே பாக்குது! அங்கேயே இறங்கி ஓடி வரேன்.

அக்கா: ஓடியா வந்த? அதான் இப்படி மூச்சு வாங்குது. தண்ணி குடி.

தங்கச்சி: தண்ணி வேணாம், பதில் வேணும்.

அக்கா: நீ இன்னும் கேள்வியே கேக்கலையே.

தங்கச்சி: அது என்னோட ஆந்தை!

அக்கா: ஆந்தைக்கெல்லாம் சொந்தக்காரங்க உண்டா...

தங்கச்சி: கிண்டல் பண்ணாத! கழுத்தே இல்லாம குண்டுத் தலை, ஒரு கண்ணு பெரிய பட்டன், ஒரு கண்ணு சின்னப் பட்டன். மூணு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம உக்காந்து நான் தைக்கிறது அது. ஊருக்கே தெரியும்.

அக்கா: பொம்மைன்னா கண்ணு வைக்காம...

தங்கச்சி: துணிகூட அதே துணி! அந்த நீலக் கட்டம் போட்டது... என் வீட்டு ஆந்தைக்கும் அதேதான்.

அக்கா: அந்த நீலக் கட்டம் எங்கிருந்து வந்துச்சு உனக்கு?

தங்கச்சி: நீ கொடுத்த துண்டுத் துணிதான்.

அக்கா: இங்க வெட்டி மிஞ்சினது. மூட்டை கட்டி உனக்குக் கொடுக்கிறது நானு. அப்ப என் கடையில நீலக் கட்டம் இருந்தா தப்பா?

தங்கச்சி: துணி உன்னுதுதான். யோசனை என்னுது. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஏய், நான் இதைக் கடையில வெச்சுக்கட்டுமா"ன்னு. வாய் இல்லையா உனக்கு?

அக்கா: கேக்கணும்தான். கேக்கல. அது தப்புதான், ஒத்துக்கிறேன்.

தங்கச்சி: அவ்வளவுதானா? "ஒத்துக்கிறேன்"னுட்டு ஊசியில நூல் கோத்துட்டிருக்க?

அக்கா: ஆறு மணிக்கு டாக்டர் வந்துடுவாரு. நீ கத்து. எனக்குக் காது சும்மாத்தான் இருக்கு.

டிரைவர்: அக்கா... என் யூனிஃபார்ம் பேண்ட்டு...

அக்கா: வாங்க டிரைவர் அண்ணே. ஜிப்பு மாத்தியாச்சு, அந்தப் பையிலதான் இருக்கு. இவ என் தங்கச்சி. சத்தத்தைப் பாத்துப் பயப்படாதீங்க.

டிரைவர்: எனக்கென்ன பயம், நான் பஸ் ஓட்டுறவன். அட, இது என்ன, ஆந்தையா? நல்லா இருக்கே! ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டு நோட்டம் விடுது பாருங்க... அப்படியே எங்க டிப்போ மேனேஜர்! பேத்திக்கு ஒண்ணு கொடுங்களேன்.

அக்கா: அது விக்கிறதுக்கு இல்லண்ணே.

டிரைவர்: யாரு செஞ்சது?

தங்கச்சி: கேக்குறாருல்ல. சொல்லு. யாரு செஞ்சது?

அக்கா: எங்க வீட்டுப் பொம்மைதாண்ணே.

டிரைவர்: கைவேலைன்னா இப்படி இருக்கணும். சரி, நீங்க பேசிட்டிருங்க. நான் வரேன்.

தங்கச்சி: எங்க வீட்டுப் பொம்மையாம்! நாக்கு கூசல உனக்கு? என் முன்னாடியே, என் பொம்மைக்கு வந்த பாராட்டை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்ட.

அக்கா: வாங்கலையே. நீ வாங்கிக்கன்னு விட்டுட்டுத்தான் நின்னேன்.

தங்கச்சி: நான் எப்படி வாங்குவேன்? அது நான் செஞ்சது இல்ல. பாத்தாலே தெரியுதே! என் ஆந்தை முறைக்கும். இது முழிக்குது. தூக்கத்துல எழுப்பின மாதிரி.

அக்கா: அவ்வளவு வித்தியாசமா தெரியுது?

தங்கச்சி: தெரியாதா? பெத்தவளுக்குப் பிள்ளை தெரியாதா?

அக்கா: ம்ம்... தெரியணும்தான்.

தங்கச்சி: என்ன "ம்ம்"?

அக்கா: ஒண்ணுமில்ல. சனிக்கிழமை லைப்ரரியில உனக்குக் கண்காட்சி. அதுக்கு வேலை பாக்காம இங்க வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்குற. உன் ஆந்தைங்க எல்லாம் ரெடியா?

தங்கச்சி: ரெடிதான்.

அக்கா: எங்க இருக்கு?

தங்கச்சி: அலமாரியில. பத்திரமா.

அக்கா: பத்திரமா... எத்தனை?

தங்கச்சி: இருக்கு முப்பது நாப்பது. நீ ஏன் கணக்குக் கேக்குற? அதையும் பாத்துத் தைக்கவா?

அக்கா: சனிக்கிழமை நானும் வரேன். கடையைச் சாத்திட்டு வரேன்.

தங்கச்சி: வர வேணாம்.

அக்கா: ஏன்?

தங்கச்சி: வேணாம்னா வேணாம்.

அக்கா: என் தங்கச்சி கண்காட்சிக்கு நான் வரக்கூடாதா? இதென்னடி...

தங்கச்சி: நான் போகலக்கா! பேரை எடுத்துட்டேன். போதுமா?

அக்கா: ...எப்ப?

தங்கச்சி: மூணு வாரம் ஆச்சு. ஒரு பேப்பர் கொடுத்தாங்க, கையெழுத்துப் போடச் சொல்லி. "இது முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை"ன்னு. பேனாவை எடுத்தேன்... போட முடியல.

அக்கா: ஏன் முடியல?

தங்கச்சி: முதல் நாள்தான் எங்க தையல் குரூப்ல ஒருத்தி ஒரு படம் போட்டா. எங்கயோ வேற நாட்டுக்காரி ஒருத்தி செஞ்ச ஆந்தை. குண்டுத் தலை, ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது! கீழ ஒரே ஒரு வரி. "நம்ம ஆந்தைக்கு அக்கா இருக்கா போல"ன்னு. கூட ஒரு சிரிக்கிற மூஞ்சி. அதுக்கு இருபத்தேழு பேரு சிரிச்சிருக்காங்க, நான் எண்ணினேன்.

அக்கா: அவ யாரு? நம்பரைக் கொடு. நான் பேசுறேன்.

தங்கச்சி: பேசி என்ன சொல்லுவ?

அக்கா: என் தங்கச்சி அதைப் பாக்கவே இல்லன்னு சொல்லுவேன்.

தங்கச்சி: அதான் தெரியலையே!

அக்கா: எது தெரியல?

தங்கச்சி: பாத்தேனா பாக்கலையான்னு எனக்கே தெரியலக்கா. பாத்திருந்தா, சரி, திருடின்னு ஒத்துக்கிட்டுப் போயிடலாம். பாக்கலன்னா அவ மூஞ்சி மேலயே கத்தலாம். ரெண்டும் இல்ல. எப்பயோ போன்ல தள்ளிட்டே போகும்போது கண்ணுல பட்டு, உள்ள போய் உக்காந்திருக்குமோ? அதைத்தான் என் யோசனைன்னு நினைச்சேனோ? எங்க லேப்ல ரத்தம்னா ஊசி குத்தி எடுத்து, யார் ரத்தம்னு பேர் ஒட்டிடலாம். இதுக்கு எங்க குத்துறது?

அக்கா: அடி லூசு. நான் இருபது வருஷமா அடுத்தவ அளவுக்கு, அடுத்தவ டிசைனுக்குத் தைக்கிறேன். ஒரு நாளாவது நான் இப்படி உக்காந்து...

தங்கச்சி: நீ செய்யறது வேலை! இது...

அக்கா: சொல்லு. இது?

தங்கச்சி: விடு.

அக்கா: ஏன் விடணும்? நான் ஜிப்பு வைக்கிறவ. நீ கலை. அதானே? உன் பொம்மைக்கு முதல் தையல் போடக் கத்துக் கொடுத்தது எவ? அந்த ஜிப்பு வைக்கிறவதான்.

தங்கச்சி: பாத்தியா, அதுவும் என்னுது இல்ல! தையல் உன்னுது, துணி உன்னுது, கண்ணு எவளோ ஒருத்தியோடது. பஞ்சைக்கூடக் கடையிலதான் வாங்கினேன். அப்ப எனக்குன்னு என்னதான் இருக்கு?

அக்கா: அப்புறம் எதுக்குடி பஸ்ஸை விட்டுக் குதிச்சு ஓடி வந்த?

தங்கச்சி: ஏன்னா... நானே காப்பியாம். அந்தக் காப்பியையும் காப்பியடிக்க ஒருத்தி. அதுவும் நீ! பத்தாததுக்கு அந்த வயித்துக்குக் குறுக்க சிவப்பு நூல்ல ஒரு தையல் போட்டிருக்க பாரு... அது ரொம்ப நல்லா இருக்கு. அதைப் பாத்ததும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. மூணு வருஷத்துல எனக்கு அது தோணலையே!

அக்கா: அது ஒண்ணும் தோணிப் போட்டது இல்ல.

தங்கச்சி: பெரிய அடக்கம்! கத்தரி எங்க?

அக்கா: எதுக்கு?

தங்கச்சி: ஒண்ணும் வேணாம். உன்னுதும் வேணாம், என்னுதும் வேணாம். ஒரேடியா முடிச்சுட்டுப் போறேன்...

அக்கா: ஏய், கீழ வை அதை. கை வைக்காத!

தங்கச்சி: விடுக்கா!

அக்கா: கத்தரியைக் கீழ போடுடி! இன்னொரு தடவை கிழிக்க விட மாட்டேன்!

தங்கச்சி: இன்னொரு தடவைன்னா?

அக்கா: வாய் தவறி வந்துடுச்சு. கத்தரியைக் கொடு, கையைக் கிழிச்சுக்கப் போற.

தங்கச்சி: அக்கா... நான் கிழிச்சது உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல யாருக்கும் சொல்லலையே நான். நீ எப்ப தைச்ச இதையெல்லாம்?

அக்கா: நான் எங்கடி தைச்சேன்? ரெண்டு வாரத்துக்கு முன்னாடி துணி மூட்டை கொடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழ குப்பை வண்டிக்கு ஒரு பை வெச்சிருந்த. ஓரத்துல நீலக் கட்டம் எட்டிப் பாத்துது. பிரிச்சா, எல்லாத்துக்கும் கண்ணைப் பிடுங்கி, வயித்தைக் கத்தரியால கீறிப் போட்டிருக்க. பத்திரமா அலமாரியில இல்ல. முப்பத்தெட்டையும் தூக்கிட்டு வந்துட்டேன். மீதி முப்பத்தஞ்சும் இந்தா, இந்த மிஷினுக்குப் பின்னாடி இருக்கு. மூணுக்குத்தான் இதுவரைக்கும் என்னால பட்டன் வெச்சு, சிவப்பு நூல்ல வயித்தை மூட முடிஞ்சுது. நீ உள்ள வந்ததுமே சொல்லியிருப்பேன்... "என்னோடது, என்னோடது"ன்னு மூச்சு விடாம கத்திட்டிருந்தியா, நிறுத்த மனசு வரல.