சம்பந்தியம்மா வாயில் என் பல்

“ஹலோ... ஹலோ... லீட்டியாவா? நான் ஊலூசி... ஊலூசி! உங்க புள்ளைக்குப் பொண்ணு குடுக்கப் போறவ... ஆமா, ஆமா, எங்க ஊரு பாண்ட் இன்லெட்லேந்துதான்... காத்து அடிச்சா அடிக்கட்டும், அத விசாரிக்கவா கூப்ட்டேன்? சம்பந்தியம்மா, ஒரே ஒரு விஷயம். கொஞ்சம் வாயத் தொறங்க... தொறங்கன்னா... தொறந்தீங்களா? அது உள்ள இருக்கிறது எம்பல்லு.”

ஊலூசி மேசைமேல் இருந்த குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதில் தண்ணீருக்குள் ஒரு செட் பல் கிடந்தது. அவளுடைய பழைய செட் உடைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. இந்தப் புது செட் போன வாரம்தான் தெற்கு நகரத்திலிருந்து இந்த வடகோடிப் பனி ஊருக்கு விமானத்தில் வந்தது. ஆசையோடு மாட்டிப் பார்த்தாள். வாய் மூடவில்லை. இழுத்து மூடினால் கன்னம் கிழிகிறது. சனிக்கிழமை மகள் மீக்காவுக்குக் கல்யாணம்.

“எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? நல்லாயிருக்கே! உங்க புள்ள ஜோவாமி என் பொண்ணுக்குப் படம் அனுப்பியிருக்கான்ல? ‘எங்கம்மா சிரிக்கிறா பாரு’ன்னு... ஆமா, அதேதான். எடது பக்கம் ஒரு பல்லு லேசா சாஞ்சு நிக்குதா?... நாக்க வச்சுத் தடவிப் பாருங்க... நிக்குதுல்ல? அது நான் கேட்டு வாங்கினது. பொறந்ததுலேந்து எனக்கு அப்படித்தான் இருந்துது, அதே மாதிரி சாச்சு வைய்யின்னு பல் டாக்டர்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான்... உங்களுக்கு எதுக்கு சாஞ்ச பல்லு? உங்க வம்சத்துல எல்லாருக்கும் தோணி மாதிரி நீட்டின பல்லுல்ல!”

வசந்தத்தில் பல் டாக்டர் வந்தபோது, கல்யாணம் பேச வந்திருந்த லீட்டியாவும் ஊலூசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாய்க்கு அச்சு கொடுத்தாள். தன் ஊரான பாங்னிர்டுங்கில் டாக்டர் வரவில்லை, இங்கேயே முடித்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு அச்சும் ஒரே பெட்டியில் போயின. செய்துவந்த பற்கள் ஆள் மாறிவிட்டன.

“தெரியாதா? வாயில போட்டவொடனே தெரியாதா அது நம்ம பல்லு இல்லேன்னு? கால் மாத்தி பூட்ஸ் போட்டாலே ரெண்டடியில தெரியுது... என்னது? இறுக்கமா இருந்துதா? இருக்கும் இருக்கும். உங்க வாய் பெரிய வாய்... நான் ஒண்ணும் தப்பா சொல்லல, அளவச் சொன்னேன்... சரி, இப்ப கழட்டுங்க. கழுவி, துணியில சுத்தி, வெள்ளிக்கிழமை விமானத்துல கொண்டாங்க. உங்களுது இங்க பத்திரமா இருக்கு... ஏன் பேச மாட்டேங்கறீங்க?... லீட்டியா?... என்ன பண்ணுனே?”

மறுமுனையில் சொன்னதைக் கேட்டு ஊலூசி எழுந்து நின்றுவிட்டாள்.

“வெந்நீரா?... எந்த வெந்நீர்?... கொதிக்கிற கெட்டில்லயா!... போட்டு, எடுத்து, சூட்டோட கடிச்சியா? எம்பல்லயா? ஏண்டி, அது என்ன கடல்நாய்க் கறியா, வேகவச்சு மெதுவாக்கறதுக்கு?... உன் வாய்க்கு இப்ப சரியா உக்காருதாம்! பெருமை வேற! எனக்கு இனிமே உக்காருமா? சொல்லு, உக்காருமா?... ஆமா, ஆமா, அடுத்த டாக்டர்கிட்ட கேக்கறேன். அவன் அடுத்த வசந்தத்துல வருவான். பனிமூட்டம் இருந்தா அப்பவும் வரமாட்டான். வந்தா சுவத்துல ஒரு படம் ஒட்டுவான், பல்லு வெளக்குங்க, சக்கரை சாப்பிடாதீங்கன்னு. கடையில ஆப்பிள் அழுகிக் கெடக்கு, சோடா மட்டும் மலையா அடுக்கியிருக்கு. அதப் பாத்துட்டுப் போயி விமானத்துல ஏறுவான்!”

அவளுக்கு மூச்சு வாங்கியது. பல்லில்லாத வாயில் வார்த்தைகள் விசிலாகச் சீறின.

“இல்ல, கேளு. எனக்குப் பத்தொம்பது வயசு. ஒரே ஒரு பல்லுதான் வலிச்சுது. அத அடைக்க நேரமில்ல, மொத்தமா எடுத்துட்டா இனிமே வலியே வராதுன்னு சொன்னான் அப்ப வந்தவன். ஒரே உக்காரல்ல அத்தனையும் பிடுங்கிட்டான். நல்ல பல்லு, லீட்டியா! கெட்டித் தோல மென்னு மெதுவாக்கி பூட்ஸ் தைச்ச பல்லு!... என்ன?... உனக்குமா?... எப்ப?... பதினேழா!... அதே ஆளாத்தான் இருப்பான். செவப்பு மீசையா?... அவனேதான். மீசை முழுக்க ஊசிப்போன காப்பி வாசனை. நம்ம வாய என்ன குப்பைக் குழின்னு நெனச்சான் போல.”

பிறகு லீட்டியா மெல்ல ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஊலூசியின் முகம் சுருங்கியது.

“எனக்குப் பயந்தா? நான் என்ன பனிக்கரடியா?... ஆமா, சொன்னேன். ‘பொக்கை வாய்க்காரி வீட்டுக்கா பொண்ணக் குடுக்கறது’ன்னு சொன்னேன்தான். அத எவ வந்து சொன்னா உன்கிட்ட?... சரி, எவளோ சொன்னா... அதுக்காக வலியப் பொறுத்துக்கிட்டு, வெந்நீர்ல போட்டு, ஈறு புண்ணாகி... ரத்தமும் வந்துதா?... லூசா நீ? எனக்கும்தான் பொக்கை. அத சொல்லியிருக்க வேண்டியதுதானே என் மூஞ்சிக்கு நேரா?... அழாத. சம்பந்தி அழுதா எனக்குக் கேக்க சகிக்கல... அழாதேன்னு சொல்றேன்ல!”

அவள் குவளைக்குள் விரலை விட்டு அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். நீளமான, நேரான பற்கள். வெளியே குப்பைத் தொட்டி இருக்கிறது. கதவைத் திறந்து வீசினால் நாய்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு குவளையில் தண்ணீரை மாற்றி ஊற்றினாள்.

“கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை வர்றே. உம்பல்லு இங்கதான் இருக்கு. மாட்டிக்கிட்டு படத்துக்கு நில்லு, உம்புள்ளை ஆசைப்படி... நன்றியெல்லாம் நீயே வச்சுக்கோ, இன்னும் முடிக்கல. விருந்துல சாப்பிடத் திமிங்கலத் தோலு போடுவாங்க, மெல்லாம எறங்காது. நான் எத்தன நாளா கஞ்சியும் சூப்புமா உள்ள தள்றேன் தெரியுமா? நீ எம்பக்கத்துலதான் உக்காரணும். நீ மெல்லணும். மென்னு மென்னு, மெதுவானதும் எனக்கு எடுத்துக் குடுக்கணும்... ஆமா, மென்னுதான். ஊரே பாக்கட்டும்... என்னது? அருவருப்பா?... ஏண்டி லீட்டியா, எம்பல்ல உன் வாயில மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சிரிச்சுட்டு வந்தியே, அப்ப வரலையா அருவருப்பு?”

பதிலுக்குக் காத்திராமல் ஊலூசி போனை வைத்தாள்.