கூண்டு தாங்கியது

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஆடுகிறது, சார். வெல்டிங் வைத்தவன் உள்பக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கிறான். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சாய்ந்து உட்காராதீர்கள்.

யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் கணவர் பாறையில் வண்டி கவிழ்ந்து இறந்தார். வண்டிக் கூண்டின் வெல்டிங் விட்டுப்போனதுதான் காரணம் என்று உங்கள் ஆள் ஒருவர் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் மேல தப்பில்லண்ணே. காசில்லாம கட்டுன வண்டி. ஏதோ விட்டுப்போச்சு." ஆறுதலாகத்தான் சொன்னாள்.

எதுவும் விட்டுப்போகவில்லை.

நான் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து பிழைப்பவன். எத்தனையோ வீட்டு வாசலில் என் கதவு நிற்கிறது. இதை யார் செய்தது என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை சரக்கு வேன் ஓட்டுபவர். பாறை ஏறும் வண்டி கட்டலாம் என்ற கிறுக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் பிடித்தது. ஆக்சில்கள் பழைய இரும்புக்கடையில் கிடந்த லாரியிலிருந்து வந்தவை. என்ஜின், அவர் ஓட்டி ஓட்டிச் சலித்த வேனுடையது. சீட்டு, மூடிப்போன முடிதிருத்தும் கடையுடையது. அதில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தலையைச் சாய்த்து, "ஷேவிங் மட்டும் போதும் மச்சான்" என்பார். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றுவதற்குக் கடையில் ஒரு சாமான் விற்கிறார்கள். அந்த விலைக்கு நாங்கள் எங்கே போவது? ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டேன். வளைவில் டயர் கத்தும். ஆனால் பாறையில் பிடி விடாது. வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்கச் சுற்றிக் கட்டும் கூண்டின் குழாயில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. பழசு வேண்டாம் என்று புதுக்குழாயே வாங்கினேன்.

வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது மாப்பிள்ளை. அவர் மகளுக்குக் காது கேட்காது. என்ஜின் ஓடும்போது அவள் பானெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள். குழந்தையின் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் காதுக்குத்தான் ஆபரேஷன் என்றார்கள். ஒருநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்து, வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"எருமைய வித்துடலாம் மச்சான். ஆள் பாத்துட்டேன்."

"வேற வழி பாக்கலாம் மாப்ளே. கொஞ்ச நாள் பொறுங்க."

"காது பொறுக்காது மச்சான். இந்த வயசுல செஞ்சாதான் பேச்சு வருமாம். டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. வீட்டுல விக்கிறதுக்கு இனி ஒண்ணுமே இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். நான் மறுக்கவில்லை. வாங்க வந்தவன் வண்டியைச் சுற்றிவந்தான். என்ஜினும் ஆக்சில்களும் மட்டும் போதும் என்றான். கூண்டைக் காலால் தட்டி, "இத இங்கயே அறுத்துட்டு எடைக்குப் போட்டுரலாம்" என்றான். மாப்பிள்ளை சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ஒரு பொருள் அது, சார். மற்றதெல்லாம் கதவு.

கடைசியாக ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று நான்தான் கேட்டேன். அவர் சந்தோஷமாக வந்தார்.

பாறை ஏறும்போது ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் தெரியாது. முன்னால் ஒரு ஆள் நின்று கையைக் காட்ட வேண்டும். கை வலது என்றால் வலது, நில் என்றால் நில். ஓட்டுகிறவர் பாறையைப் பார்க்கக் கூடாது. கையைத்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை என் கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். இடது பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் நான் வலது பக்கம் காட்டினேன்.

அவரைக் கொல்ல நினைக்கவில்லை. வண்டி கவிழ்ந்து ஆக்சில் கொஞ்சம் வளைந்தால் வாங்க வந்தவன் விலகிவிடுவான் என்றுதான் நினைத்தேன். கூண்டு அவரைக் காக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிய கூண்டு.

வண்டி இரண்டு உருட்டு உருண்டு, பாறைக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் தலைகீழாக நின்றது. சாண் ஆழம்தான் இருக்கும். மாப்பிள்ளை பெல்ட்டில் தொங்கினார். தலை மட்டும் தண்ணீருக்குள். எலும்பு எதுவும் முறிந்த மாதிரி தெரியவில்லை. கைகள் இரண்டும் பெல்ட்டின் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தன. பெல்ட்டை அறுக்கும் கத்தி என் இடுப்பில் இருந்தது.

நான் முதலில் என்ஜினை அணைத்தேன். தலைகீழாக ஓடினால் ஆயில் ஏறாமல் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு கூண்டை முன்பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு வெல்டிங்கில்கூடக் கீறல் இல்லை. ஒரு முறை அவர் கை என் சட்டையைப் பிடித்தது. மெதுவாக எடுத்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சார். அவர் வெளியே வந்தால் வண்டியை விற்றுவிடுவார், அவ்வளவுதான். கடைசி வெல்டிங்கைப் பார்த்து முடித்தபோது தண்ணீர் அடங்கியிருந்தது. நிதானமாகத்தான் பார்த்தேன்.

இனி யாரும் விற்கமாட்டார்கள் என்று நம்பினேன். ஆனால் நேற்றுத் தங்கை சொன்னாள்: விபத்து என்று எழுதி முடித்துவிட்டு, நாளைக்கு வண்டியை அவளிடம் கொடுக்கப்போகிறீர்களாம். ஆக்சில் வளைந்திருந்தாலும் பரவாயில்லை என்று வாங்க வந்த அந்த ஆள் மறுபடி வருகிறானாம். பிள்ளை காதுக்கு அதுதான் கடைசி நம்பிக்கை என்று அழுகிறாள்.

அதனால் விபத்து என்று எழுதாதீர்கள். கொலை என்று எழுதுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்கில் போட்டாலும் சரி. ஒரு வக்கீலிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். கொலை வழக்கில் பிடித்த வண்டியை வழக்கு முடியும்வரை யாரிடமும் கொடுக்கமாட்டீர்களாம், வருஷக்கணக்கில் ஆகுமாம். அதுவரை அதன்மேல் ஒருத்தனும் கை வைக்க முடியாதுதானே, சார்?