மழை ஊத்த வேண்டிய மரம்

— அண்ண, மறுகாவும் நனைஞ்சி கிடக்கு. வந்து பாருங்களன்.

— எது?

— அவள்ற தென்னைதான். மத்த மரத்தடி எல்லாம் மணல் கொதிக்கிது, கால் வைக்க ஏலாது. இதுக்கு மட்டும் ஒரு வாளித் தண்ணி ஊத்தின மாதிரி மண் கறுத்துக் கிடக்கு.

— பனியாக் கிடக்கும்.

— இந்த வைகாசி வெசாக் வெயிலில பனியா? வெள்ளி விடியவும் கிடந்திச்சி. நேத்தும் கிடந்திச்சி. இண்டைக்கும் கிடக்கு. பக்கத்து மரத்துக்குப் பெய்யாத பனி இதுக்கு மட்டும் பெய்யுதாக்கும்.

— அன்னம், நீ விளக்குமாத்த எடுத்து முன் வளவைக் கூட்டு. நாளைக்கு மண்டூரால மாப்பிள்ளை ஊட்டாக்கள் வாறாங்க. நம்மட சின்னவள் தனுஷியாவுக்கு நாம குடுக்கிற ஊட்டையும் வளவையும் மூலை மூலையாப் பாப்பாங்க. இந்த லீவுக்குள்ள வேலிக் கிடுகு மாத்தணும், கிணத்தடி தேய்க்கணும். அத உட்டுட்டு மண்ணத் தடவிக்கிட்டு நிக்கிறாய்.

— கிணத்தடியத்தான் சொல்ல வாறன். வாளிய ஆரு கவுத்து வெச்ச?

— வாளிக்கென்ன?

— நான் நிமித்தித்தான் வைக்கிறனான். மூணு நாளா விடிய எழும்பிப் பாத்தா கவுண்டு கிடக்கு. இந்த ஊட்டுல வாளியக் கவுக்கிற ஆள் ஒராள்தான். தண்ணி நிண்டா நுளம்பு முட்டை போடும் எண்டு எந்த நாளும் என்னோட சண்டை பிடிப்பாள்.

— பேரச் சொல்லாத.

— பேரச் சொன்னனா? அவள் எண்டுதானே சொன்னன்.

— செத்தவள் வந்து வாளி கவுக்க மாட்டாள்.

— செத்தாளா அண்ண? பெத்த தாய் நான் கேக்கிறன். செத்தாளா?

— செத்தாள். நம்மட ஒரு சொல்லும் கேளாம ஏறாவூரில போய்க் கலியாணம் முடிச்ச அண்டைக்கே செத்தாள். இதே வெசாக் முழுநிலாப் பறுவத்திலதான். தாய்மாமன் நான் முன்னுக்கு நிண்டு தலை முழுகினன். எட்டாம் நாள் காரியம் செஞ்சம், முப்பத்தொண்டு செஞ்சம், ஊருக்குச் சோறு குடுத்தம். நம்மட குடியில செத்த பொம்புளை பேரில தென்னம்புள்ள வைக்கிற முறை, அதையும் வெச்சம். பன்னெண்டு வருசம் போச்சி. முறை எண்டா முறைதான்.

— அந்த மரத்துக்கு ஊட்டாக்கள் தண்ணி ஊத்தப்படாது, மழைதான் ஊத்தணும், அதுவும் ஒரு முறைதானே. ஊத்தினா செத்தவளுக்குத் தாகம் எடுத்துத் தேடி வருவாள் எண்டு நம்மட அம்மா சொல்லுவா.

— அதாலதான் ஒருத்தரும் ஊத்துறல்ல.

— அப்ப ஊத்தினது ஆரு? தனுஷியாவச் சொல்லாதீங்க. லீவு எண்டா வெயில் மூஞ்சில அடிக்கும் மட்டும் படுப்பாள். நாளைக்கும் அப்பிடிப் படுத்தாள் எண்டா மண்டூராக்களுக்கு நல்ல காட்சிதான்.

— பக்கத்து ஊட்டுப் பொடியனுகள் விளையாட்டுக்கு ஊத்தியிருப்பானுகள்.

— அவங்க வெள்ளிக்கிழமையே பாசிக்குடாக்குக் குளிக்கப் போயிட்டாங்க. ஊடு பூட்டிக் கிடக்கு. நம்மட பின் வேலிக் கடப்புத்தான் திறந்து கிடக்கு.

— நேத்தும் நான்தான் கட்டினன். ரெண்டு முடிச்சி.

— முடிச்ச நானே கண்டன். விடிய அவிண்டு கிடக்கு. வாவிக்கரைப் பக்கத்தால ஆரோ வந்து போன மாதிரி.

— ஆடு இழுத்திருக்கும்.

— ஆடு இழுத்தா கயிறு அறும். இது அவிட்டுச் சுருட்டி வேலியில கொழுவிக் கிடக்கு. வெசாக் வெசாக்குக்கு வாற ஆடோ? போன வருசமும் இப்பிடித்தான். ஆனா அப்ப ஒரு விடியல்தான் மரத்தடி நனைஞ்சி கிடந்த. கண்ணகைத் தாயே எண்டு கும்பிட்டிட்டு வாய் திறக்காம இருந்தன். இந்த முறை மூணு விடியலும் எண்டா நான் என்னண்டு இருக்கிற?

— உனக்குப் பயம் பிடிச்சிருக்கு.

— பயமில்ல அண்ண. ஆசை. அவள் உசிரோட வந்து போறாள் எண்டா ஒருக்காக் கண்டாப் போதும். கதைக்கவும் தேவையில்ல.

— வந்தாலும் இந்த வளவுக்குள்ள கால் வைக்க உடமாட்டன். மண்டூராக்களுக்கு நான் என்ன சொல்லி வெச்சிருக்கன் எண்டு தெரியும்தானே?

— தெரியும். மூத்தவள் காய்ச்சலில செத்தவள்.

— நம்மட ஊராக்கள் எனக்காக வாய் திறக்க மாட்டாங்க. நீயும் திறக்காத. மரத்தப் பத்திக் கேட்டா காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கதைக்குப் போ. தனுஷியாட வாழ்க்கை அந்த ஒரு சொல்லிலதான் நிக்கிது.

— ஊட்டுல ஆக்கள் இருக்கிறீங்களா?

— ஆரு அது பின்பக்கத்தால வாற? முன்னுக்கு ஒரு கடப்புக் கிடக்குதெல்லோ.

— குறை நினைக்காதீங்க மாமா. ஸ்கூட்டிய வாவிக்கரையில நிப்பாட்டிட்டு வந்தன். எனக்கு இந்த வழிதான் தெரியும். என்ர பேர் நஸ்ஹா. ஏறாவூர்.

— ஏறாவூரில எங்களுக்கு ஆக்கள் இல்ல.

— இருந்தாங்க மாமா. நான் ஜிப்ரிட தங்கச்சி. உங்கட வதனி எனக்கு மதினி.

— அந்தப் பேரில இந்த ஊட்டுல ஒருத்தரும் இல்ல. வந்த வழியால போங்க.

— அண்ண, சும்மா இருங்க. மகள், நீங்க இப்பிடி நிழலுக்க வாங்க. அவள் அனுப்பினாளா? சுகமா இருக்கிறாளா?

— மாமி, நீங்க முதல்ல அந்தக் கதிரையில இருங்க.

— நான் நிக்கிறன். சொல்லுங்க.

— மதினி மௌத்தாப் போயிட்டா மாமி. வியாழக்கிழமை பொழுதுபட, மஹ்ரிபு பாங்கு சொல்லி முடியக்குள்ள உசிர் போச்சி.

— என்னண்டு?

— காய்ச்சல். டெங்கு எண்டு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஊட்டுல ஒரு சிரட்டையில தண்ணி நிக்க உடமாட்டா, கண்ட வாளியெல்லாம் கவுத்துக்கிட்டுத் திரிவா. அவவுக்குத்தான் வந்திச்சி.

— காய்ச்சலா?

— ஓம் மாமா. ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க?

— அது உங்களுக்கு விளங்காது மகள். அண்ண, நீங்க சொல்லிச் சொல்லி வெச்ச காய்ச்சல். கடைசியில அதே போய்ப் பிடிச்சிருக்கு.

— அன்னம், வாய மூடு.

— பன்னெண்டு வருசம் மூடின வாய். மகள், எங்க கொண்டு போய் வெச்ச?

— எங்கட மையவாடியில. வெள்ளி காலையில அடக்கினம். உங்களுக்குச் சொல்லணும் எண்டு அண்ணன் துடிச்சார். சொன்னா ஏசி அனுப்புவீங்களோ எண்டு ஊட்டுல ரெண்டு நாளாப் பேச்சு. ஏசினா ஏசட்டும் எண்டு நான் வெளிக்கிட்டன்.

— எனக்கு அழவும் வழி தெரியல்லையே. எட்டும் செஞ்சாச்சி, முப்பத்தொண்டும் செஞ்சாச்சி, தென்னையும் வெச்சாச்சி. செத்தவளுக்குச் செய்யிறதெல்லாம் அவள் சமைச்சித் திண்டு உசிரோட இருக்கக்குள்ளயே செஞ்சி முடிச்சிட்டம். இனி நான் என்னத்தச் செய்யிற அண்ண?

— மாமி, அழுங்க. அழுறதுக்கு என்ன முறை. மதினிக்கு உங்களோட கோவம் இல்ல. வெசாக் வந்தா விடியக்காலம் என்ர ஸ்கூட்டியில ஏறி இஞ்ச வருவா. நான் கரையில நிப்பன். அவ மட்டும் உள்ளுக்க வந்து அந்த மரத்துக்கு ஒரு வாளி ஊத்திட்டு வருவா. என்ர மரத்த நான்தானே பாக்கணும் எண்டு சிரிப்பா.

— உள்ளுக்க என்னண்டு வந்தாள்? கடப்பு?

— அது எப்பவும் அவிட்டுத்தான் கிடக்குமாம். மாமாவுக்கு வயசு போயிட்டு, கட்ட மறந்து போறார் எண்டு சொல்லுவா.

— மறக்கிற ஆள் இல்லையே இவர். அண்ண, ஏன் மரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— மண்டூருக்குப் போன் எடு.

— இப்ப என்ன போன்?

— நாளைக்கு வர வேணாம் எண்டு சொல்லு. நமக்குத் துடக்கு. துடக்கு ஊட்டுக்கு நல்ல காரியத்துக்கு ஆக்கள் வாற முறை இல்ல.

— ஆரு செத்த எண்டு கேப்பாங்களே?

— மூத்த மகள் எண்டு சொல்லு.

— அவள் செத்துப் பன்னெண்டு வருசம் எண்டெல்லோ நீங்க சொல்லி வெச்சிருக்கிறீங்க.

— வியாழக்கிழமை செத்தாள் எண்டு சொல்லு. ஏறாவூரில செத்தாள் எண்டும் சொல்லு. விருப்பமெண்டா துடக்குக் கழிய வரட்டும். இல்லாட்டி அங்கேயே நிக்கட்டும். முறை எண்டா முறைதான்.

— மாமா, அப்ப அந்த ஒரு வாளிய மதினிட பேரில நான் ஊத்திட்டுப் போகட்டா? அதுக்குத்தான் வந்தன். வேற ஒண்டும் கேக்கல்ல.

— நீங்க வெள்ளிக்கிழமை விடிய இஞ்ச வரல்லையா?

— வெள்ளி விடிய நான் மதினிட ஜனாஸாவுக்குப் பக்கத்தில இருந்தன் மாமா.

— நேத்து?

— நேத்தும் ஊட்டுலதான். ஒருத்தரும் படி இறங்கல்ல.

— இண்டைக்கு விடிய?

— இப்பதானே வாறன். மரத்தடி நனைஞ்சி கிடக்கு, நீங்களே ஊத்திட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன். மாமா, நீங்க அந்தக் கதிரையில இருங்க.

— அண்ண, என்னப் பாருங்க. அவள் வாறாள் எண்டு தெரிஞ்சிதானே வருசா வருசம் அந்தக் கயித்த அவிட்டு வெச்ச? இந்த முறை வரல்ல எண்டதும் மனசு கேக்காம நீங்களே ஊத்தியிருக்கிறீங்க. அப்பிடித்தானே? வாளியக் கவுத்து வெச்சதும் நீங்கதான் எண்டு சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.

— கயித்த அவிட்டது நான்தான் அன்னம். இந்த மூணு நாளும் அவள் வருவாள் எண்டு பாத்துக்கிட்டு சன்னலடியிலதான் கிடந்தன். ஒருத்தரையும் காணல்ல. வாளிய நான் தொடல்ல.