சனிக்கிழமை மாதுளை

தாஜுன்னிசா: இதப் பாத்தா மாதுளை மாதிரியா இருக்கு? பலாப்பழம்ல இருக்கு.

ரிவ்கா: தூரத்துல இருந்து பாருங்க லாத்தா.

தாஜுன்னிசா: எம்புட்டுத் தூரம்? பாம்பன்ல இருந்தா?

ரிவ்கா: கிண்டல் பண்ணாதீங்க. ஜரிகை சிக்குது...

தாஜுன்னிசா: அதுவா சிக்கல, நீ சிக்க வைக்கிற. மெல்ல இழு. பிரசவமா பாக்குற?

ரிவ்கா: இருவது வருஷமா அதான பாத்தேன். கை லேசுல மாறுமா?

தாஜுன்னிசா: ஊரே அதத்தான் கேக்குது. கீழக்கரையில பாதிப் புள்ளைக உன் கையில பொறந்ததுக. சர்க்கார் ஆசுபத்திரி உத்தியோகம். அத உதறிட்டு நாப்பத்தெட்டு வயசுல ஊசியும் நூலுமா எம் முன்னால வந்து குந்தியிருக்க. என்னக் கட்டுன மச்சான் கொழும்புல இருந்து வந்தப்ப கேட்டாரு, நர்சம்மாவுக்குப் புத்தி கித்தி...

ரிவ்கா: நீங்க என்ன சொன்னீங்க?

தாஜுன்னிசா: கல்யாணத் துணிக்கு ஜரிகைப்பூப் போடக் கத்துக்கிருதுன்னேன். யாருக்குக் கல்யாணம்னாரு.

ரிவ்கா: உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?

தாஜுன்னிசா: சொன்னேனே. கொச்சியில யூதவுக தொழுகுற பள்ளி இருக்கு, மூஸா நபியோட வேதத்த அலமாரிக்குள்ள வச்சிருக்காக, அதுக்கு முன்னால தொங்குற திரையில அவுக பொம்பளைக சேந்து பூப்போடுறாகன்னு. அதுக்கு அவரு, அங்கன ஆளில்லாமலா இங்கன வந்துச்சுன்னாரு.

ரிவ்கா: ஆளுக்கென்ன, நெறைய இருக்காங்க. என் தங்கச்சிக, சித்தி மகளுக எல்லாம் சின்னதுலயிருந்து ஒண்ணா உக்காந்து, பாடிக்கிட்டே தைப்பாங்க. நான் ஒருத்திதான் நர்சுக்குப் படிக்கப் போயிட்டு... எங்க பள்ளித் திரை எதுலயும் என் தையல் ஒண்ணுகூட இல்ல. ஊருக்குப் போனா, எங்க வீட்டு டாக்டரம்மா வந்தாச்சுன்னு சிரிப்பாங்க. பக்கத்துல உக்கார எடம் குடுப்பாங்க. ஊசி மட்டும் குடுக்க மாட்டாங்க.

தாஜுன்னிசா: குடுத்திருந்தா அவுகளுக்கும் பலாப்பழந்தான் கெடைச்சிருக்கும்.

ரிவ்கா: சிரிங்க... இப்ப எல்லாரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறுறாங்க. திரையும் கூடப் போவுது. ஆளுக்கொரு துண்டு தைச்சு ஒண்ணாச் சேக்குறாங்க. என் துண்ட முடிச்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க.

தாஜுன்னிசா: துண்டு போகட்டும். நீயும்...

ரிவ்கா: ஆமா. நானும்.

தாஜுன்னிசா: ம்... சாயா ஆறுது, குடி.

ரிவ்கா: ஆனா லாத்தா, ஒரு முழத் துணி. நோம்புக்கு முந்தி ஆரம்பிச்சது, ஹஜ்ஜுப் பெருநாளே போயிருச்சு. மொதக் கப்பலும் போயிருச்சு. ஏன் முடியவே மாட்டேங்குது?

தாஜுன்னிசா: கத்துக்குட்டி கை. அப்பிடித்தான் இழுக்கும்.

ரிவ்கா: ஒண்ணு கேக்கவா? சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். நான் ஊசியத் தொட மாட்டேன்.

தாஜுன்னிசா: அடுப்பும் பத்த வைக்க மாட்ட. வாராவாரம் உனக்கு அடுப்புப் பத்த வச்சவகிட்டயே சொல்றியாக்கும்.

ரிவ்கா: ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா என் பலாப்பழமெல்லாம் மாதுளையா மாறிக் கெடக்குது.

தாஜுன்னிசா: ... ஜின்னு தைச்சிருக்கும்.

ரிவ்கா: ஜின்னுக்கும் உங்கள மாதிரி இடது கைப் பழக்கமோ? தையல் பூரா ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது.

தாஜுன்னிசா: சரி, நாந்தான். இதக் கொண்டு போனா உன் ஆளுக சிரிப்பாகளேன்னு... நான் மட்டும் கேட்டேனா? வெள்ளிக்கிழமை பொம்பளைக தைக்காவுல தொழுதுட்டு வந்தா, என் மாதுளையெல்லாம் பிரிச்சுத் துணி மொட்டையாக் கெடக்குதே, அது எந்த ஜின்னு?

ரிவ்கா: தெரியுமா... தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?

தாஜுன்னிசா: நீ மொதல்ல சொல்லு. ஏன் பிரிச்ச? அம்புட்டு மோசமாவா இருந்துச்சு?

ரிவ்கா: மோசமா? பிரிக்கையில எனக்கு அழுகையா வரும் லாத்தா. ஆனா சனிக்கிழமை தைச்சத வேதத்துக்கு முன்னால தொங்கவிட மனசு கேக்கல. அத உங்ககிட்டச் சொல்லவும் வாய் வரல.

தாஜுன்னிசா: அட ரப்பே... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கக்கிழமை தைச்சிருப்பேனே.

ரிவ்கா: இப்ப நீங்க சொல்லுங்க. பிரிக்கிறேன்னு தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும்...

தாஜுன்னிசா: வேல இல்லாம.

ரிவ்கா: லாத்தா.

தாஜுன்னிசா: முடிஞ்சா நீ போயிருவேல்ல... மச்சானாவது ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கொழும்புல இருந்து வாராரு. நீ போற ஊருல இருந்து யாரு வருவா? நான் தைக்கிறேன், நீ பிரி, இப்பிடியே ஓடட்டும்னு விட்டுட்டேன். அதுல உனக்கு ஒரு கப்பலே போயிருச்சு. பாவந்தான் பண்ணிட்டேன். மன்னிச்சிரு புள்ள.

ரிவ்கா: ஏன் லாத்தா... வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்குப் போற நான், ஒரு முழத் துணிய மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போக மாட்டேனா? வாரந்தவறாம அத உங்க ஊசிப் பெட்டி மேலயே வச்சிட்டுப் போனேனே, மறதியிலன்னா நெனச்சீங்க?