பங்குனிப் பொங்கலில் போட்ட வேட்டு

வெடிக்கிறது. ஒன்று. தரை அதிர்கிறது. அடுத்தது இன்னும் கிட்டத்தில்.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துவது நான்தான். மகள் செல்லத்தை இழுத்துக் கீழே தள்ளுகிறேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மாமியாரையும் தள்ளுகிறேன். இருவர் மேலும் விழுந்து மூடிக்கொள்கிறேன். பானை சாய்கிறது. கொதிக்கும் பொங்கல் என் இடது கையில் கொட்டுகிறது. சூடு தெரியவில்லை. வானத்தைப் பார்க்கிறேன். விமானம் இல்லை. வெயில்தான் இருக்கிறது.

அது குண்டு இல்லை. கோயில் வேட்டு. ஊர் வல்லத்திராக்கோட்டை. 1942, பங்குனி. அம்மனுக்குப் பொங்கல்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பா அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். என் கணவர் சின்னையா இந்த ஊர்க்காரர். துறைமுக வேலைக்கு வந்தவர். பங்குனி பிறந்தால் அவருக்கு வேறு பேச்சு இருக்காது. அவர் அம்மா இடிக்கும் மாவிளக்கு. முளைப்பாரி. கும்மி. "எங்க ஊருப் பொங்கல ஒரு தடவை தின்னு பாரு. அப்புறம் ரங்கூன் சோறு எறங்காது" என்பார்.

1941 டிசம்பர் 23. காலை. சங்கு ஊதுகிறது. பிறகு ஜப்பான் விமானங்களின் இரைச்சல். தெருவில் சனங்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வேடிக்கை என்று நினைத்தார்கள். நாங்கள் சாக்கடையில் படுத்தோம். சின்னவள் வள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். என் கணவர் எழுந்தார். ஓடினார். மேலிருந்து ஒரு சீழ்க்கை. அப்புறம் என் காது அடைத்துவிட்டது. புகை விலகியபோது வாசல் இல்லை. வீடு இல்லை. அவர்களும் இல்லை.

அதன் பிறகு நடை. புரோம் வரை கூட்டத்தோடு கூட்டமாக. பிறகு அராக்கான் மலை. வழியெல்லாம் காலரா. அப்பா ஒரு மரத்தடியில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மண் போட்டு மூட நேரமில்லை. நானும் செல்லமும் நடந்தோம். சிட்டகாங். கல்கத்தா. மெட்ராஸ். மாசியில் இந்த ஊரில் வந்து இறங்கினோம். இதற்கு முன் நான் பார்த்திராத ஊர்.

வந்த அன்றே மாமியார் கருப்பாயியிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை.

"பயத்துல எதையோ பாத்துட்டுச் சொல்ற. எம் மகன் அடுத்த கப்பல்ல வருவான்."

தாலியைக் கழற்ற விடவில்லை. ஊரும் நம்பவில்லை. இங்கே யுத்தம் என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காது, ரங்கூன் அரிசி வராது. அவ்வளவுதான்.

பொங்கல் வந்தது. மாமியார் பச்சரிசியை ஊறவைத்து உரலில் இடித்தார். வெல்லம், ஏலக்காய் சேர்த்துப் பிசைந்தார். உருட்டி, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போட்டார். சுக்குத் தட்டிப் போட்டுப் பானக்கம் கரைத்தார். கோயில் திடலில் வீட்டுக்கு ஒரு பானை. எங்கள் அடுப்பில் மட்டும் இரண்டு.

"இது சின்னையா பானை" என்றார்.

நான் அந்தப் பானைக்கும் விறகைத் தள்ளினேன்.

முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி அடிக்கிறார்கள். செல்லத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். கை மாற்றித் தட்டுகிறாள். தப்பிப்போகிறது. சிரிக்கிறாள். மலையை விட்டு இறங்கிய பிறகு அன்றுதான் சிரித்தாள். ஓடிவந்து மாவிளக்கு மாவை வாங்கித் தின்றாள். "இன்னுங் கொஞ்சம்" என்றாள். பால் பொங்கும் வாசனை. என் கணவர் சொன்னது அத்தனையும் நிசம்.

அப்போதுதான் வேட்டுப் போட்டார்கள்.

சுற்றிலும் சிரிப்பு. "ரங்கூன்காரி பயந்துட்டா!" நான் எழவில்லை. என்னால் முடியவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. எனக்கு அடியில் மாமியார் அசையாமல் கிடந்தார். அவர் வாய் என் காதருகில் இருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் படுத்தீகளா?"

"ஆமா அத்தை."

"அவனையும் படுக்கச் சொன்னியா?"

"சொன்னேன். கையப் புடிச்சேன். வள்ளி நின்னா அத்தை. ஒதறிட்டு ஓடிட்டாக."

அவர் உடல் குலுங்கியது. பிறகு அந்தச் சத்தம். ரங்கூனில் கேட்ட எந்தச் சத்தமும் அப்படி இல்லை. கும்மி நின்றது. கொட்டு நின்றது.

கோயில் பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். "நல்ல நாளும் அதுவுமா கோயில்ல ஒப்பாரி ஆகாது. எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

மாமியார் தலையைத் தூக்கினார். "ஆத்தாகிட்ட அழுகாம நான் யாருகிட்டப் போயி அழுக?"

பெரியவர் தள்ளிப் போனார். கும்மி அடித்த பெண்கள் வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளையையும் புருஷனையும் ரங்கூனுக்கு அனுப்பியவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகம் அழுதார்கள். பானைகள் பொங்கி வழிந்தன. இறக்கி வைக்க ஆளில்லை. அடிப்பிடித்த வாடை திடல் முழுக்க.

இழந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் சின்னையா. என் அப்பா. எங்கள் தெருவிலிருந்து ரங்கூன் போனவர்கள் ஏழு பேர், திரும்பியவர் இருவர். ஒருவர் உடலும் ஊர் மண்ணுக்கு வரவில்லை. வீடு போனது. என் வலது காது இன்றும் கேட்காது.

என் மகள் வள்ளி. மூன்று வயது. இந்த ஊரில் அவள் முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.